கடலுக்குப் போன வண்டி

திசையன்விளை பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பேர். ஜன்னலோரம் உவரி மீன் வியாபாரி. பக்கத்தில் இருந்தவர் களக்காட்டில் பிக்கப் வைத்து வாழைத்தார் ஏற்றுகிறவர். இது பேச்சிலிருந்து தெரிந்துகொண்டது. நாங்குநேரி தாண்டியதும் வாழைத்தார்க்காரர் கேட்டார்.

"பஸ்ஸுல போறீரே, உம்ம வண்டி எங்க வே?"

"கடலுக்குப் போயிருக்கு."

நான் போனை மடியில் வைத்துவிட்டேன்.

"முங்கிட்டா?"

"முங்கல அண்ணாச்சி. மீன் தண்ணி ஒழுகி ஒழுகி அடிச்சட்டத்த உப்பு தின்னுட்டு. கதவத் தொறந்தா கையோட வந்துட்டு. இஞ்சின்ல மட்டும் ஒரு குறை கெடையாது. பழைய இரும்புக்குப் போட மனசு வரல, மச்சானுக்க வள்ளத்துல ஏத்திட்டோம். இருபது வருசம் மீனச் சந்தைக்குக் கொண்டுபோன இஞ்சின், இப்ப மீனத் தேடிப் போவுது."

வாழைத்தார்க்காரர் உச்சுக்கொட்டினார். "இருபது வருசமா? என் பழைய வண்டி இஞ்சினுக்கு ஆறு வருசத்துலயே மெக்கானிக் கைய விரிச்சுட்டான். நீரு என்னதான் வே செஞ்சீரு?"

"மாசத்துல மொத செவ்வாக்கிழம அந்தோணியாருக்கு மெழுகுதிரி, இஞ்சினுக்குப் புது ஆயில். ரெண்டையும் ஒரு மாசங்கூட விட்டதில்ல."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியதும் வாழைத்தார்க்காரர் அவர் பக்கம் திரும்பினார்.

"ரெண்டுல எது வே காப்பாத்துச்சு?"

"ஏதாவது ஒண்ண விட்டுப் பாத்தாத்தான தெரியும்? எனக்கு அந்தத் தைரியம் வரல அண்ணாச்சி."