மரக்கால் மாப்பிள்ளை

— ஒசரம் அளக்கற கட்டையில இன்னமோ பித்தலாட்டம் பண்ணிட்டானுங்க பவுனு.

— மொதல்ல இந்தத் தண்ணியக் குடி மாமா. புதுச்சேரிலேர்ந்து நடந்தா வந்த?

— வண்டியில ஏறினா பக்கத்துல குந்துறவன் கேப்பான், சிப்பாயி வேல இன்னா ஆச்சின்னு. பாகூர் ஏரிக்கரையோட நடந்தே வந்துட்டேன்.

— கெடக்கட்டும். தொர இன்னா சொன்னாரு?

— தொர எங்க சொன்னாரு? கூட நின்ன குமாஸ்தா சொல்றான். "தணிகைவேலு, போன வருசம் இருந்த ஒசரந்தான், ஒரு நூலுகூட ஏறல, சிப்பாயி வேலைக்குப் பத்தாது"ங்கறான். சுத்தி நின்னவன்லாம் சிரிக்கிறான். எப்படிடி ஏறாம போவும்? பொழுது விடிஞ்சா புளியங்கெளையில தொங்கறேன். கையப் பாரு, காச்சிப் போயிருக்கு. தலகாணி வேணாம்னு வெறுந்தரையில மல்லாந்து படுக்கறேன். களையெடுக்கக்கூட முதுக வளைக்கல.

— வளைக்கலதான். உன் பங்கு களையையும் நான்தான் எடுத்தேன்.

— சொல்லிக் காட்டாத. நெஞ்ச நிமித்தி நடந்தா முப்பது வயசுலயும் ஆம்பள வளருவான்னு சிலம்ப வாத்தியாரு சொன்னது பொய்யா?

— வாத்தியாரே என் தோளுக்குத்தான் வருவாரு.

— நக்கலா? நான் வளந்ததுக்கு நீதான்டி சாச்சி! கல்யாணத்துல பொண்ணு ஒசரம்னு நெல்லளக்கற மரக்காலக் கவுத்துப் போட்டு, அதும்மேல ஏத்தித்தானே என்னத் தாலி கட்ட வெச்சானுங்க? இன்னிவரைக்கும் நம்மூரு செலியமேடே "மரக்கா மாப்ள"ன்னுதானே கூப்புடுது?

— பால்குடி மறக்காதது முதக்கொண்டு.

— சனிக்கெழம சனிக்கெழம எண்ண தேச்சிக் குளிச்சிட்டு உன் பக்கத்துல நின்னு பாத்தேனே. மொதல்ல உன் காது. அப்பால நெத்தி. தை பொறந்தப்போ சரிக்குச் சரி. இப்ப உன் உச்சி வகுட மேலேர்ந்து பாக்கறேன். அத நம்பித்தானே குத்தகை நெலமே வேணாம்னு மெராசுதாரு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டு வந்தேன்!

— நெலத்த விட்டுட்டியா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மாமா!

— முந்தாநாளே விட்டாச்சி. வேற ஆளுக்கும் குடுத்துட்டாரு.

— பாவி! நான் நட்ட பயிராச்சே. வயித்துக்கு இனிமே இன்னா பண்றது?

— அழுவாதடி. நாளைக்கி உன்னையும் இட்டுக்கினு போறேன். என் பக்கத்துல நிக்க வெச்சி அளக்கட்டும். அவனுங்க குட்டு வெளிய வரட்டும்.

— வேணாம் மாமா.

— ஏன் வேணாம்?

— நீ வளரல.

— இன்னாடி சொன்ன?

— நீ வளரவே இல்ல மாமா. எவனாவது மரக்கான்னு கூப்ட்டா, அந்தக் கோவத்த வூட்டுக்கு வந்து யாரு முதுகுல எறக்குவ? மொத வாட்டி நீ பக்கத்துல நின்னப்போ, பொடவைக்குள்ள முட்டிய லேசா மடிச்சேன். காதத் தாண்டிட்டேன்னு சிரிச்ச. அன்னிக்கி அடி இல்ல. அடுத்த வாட்டி கழுத்த எறக்கினேன். அப்பால முதுகு. அடி நின்னே போச்சி. அப்பால நீ பாக்காத நேரத்துலயும் குனிஞ்சே நடந்தேன், எங்கனா மறந்துடப் போறேனேன்னு.

— ஏமாத்தினியா? என் சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி!

— என் சோத்துலயுந்தான்.

— நிமிருடி. இப்பவே நிமிரு. எம்மாம் ஒசரம்னு நானும் பாக்கறேன்.

— அடிக்காத மாமா.

— நிமிருன்னா நிமிரு! ஏன் அப்பிடியே நிக்கிற?

— நிமிந்துதான் மாமா நிக்கறேன்.