முப்பத்தெட்டாம் வருஷத்து மாரிஸ்

பெயிண்டைத் தொட்டுப் பாருங்கள், பரவாயில்லை. கைரேகை பட்டால் துடைத்துக்கொள்ளலாம். விளம்பரத்தில் ‘நல்ல நிலையில்’ என்று போட்டிருக்கிறது. அது அலர்மேல்மங்கை மாமி எழுதியது. இந்த மாரிஸ் கார் புதிதாக வந்து இறங்கிய அன்றுகூட இவ்வளவு நன்றாக இருந்திருக்காது என்பது என் அபிப்பிராயம்.

ஒரே ஒரு குறை. இன்ஜின் ஓடும்போது பின்கதவுப் பக்கம் ஒரு சத்தம் கேட்கும். வாங்க வருகிறவரிடம் குறையை மறைப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

வண்டி மாமியின் கணவர் சேஷகிரி ஸாருடையது. அவர் அப்பா மைசூர் ராஜாங்கத்தில் உத்தியோகம் பார்த்தபோது வாங்கியது. நான் முதலில் பார்த்தபோது பின்சீட்டில் எலி குட்டி போட்டிருந்தது. தரைப்பலகை கையால் அழுத்தினால் உதிரும். நான் பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவன். ஒக்கலிபுரத்தில் அறை, ராத்திரி ஃபாக்டரியில் ஷிஃப்ட். விடிந்ததும் மல்லேஸ்வரத்தில் ஸார் வீட்டுக்கு வந்து இந்த ஷெட்டுக்குள் படுத்துவிடுவேன், வண்டிக்கு அடியில், கையில் ஸ்பானரோடு. பல வருஷம் அப்படிப் போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதற்கும் வண்டிக்கும் சம்பந்தமில்லை.

தொண்ணூற்று நாலு ஏப்ரலில் ஸார் ஷெட்டுக்கு வந்து நின்றார்.

“சந்திரா, பொண்ணு ஸ்னேஹா சிகாகோவுக்கு வா வான்னு உயிரை எடுக்கறா. கெளம்பிடலாம்னு இருக்கோம். வண்டிய அல்சூர் சிவசங்கரனுக்குக் குடுத்துடப்போறேன்.”

“அவர் என்ன பண்ணுவார் ஸார்?”

“கல்யாண மண்டபம் வெச்சிருக்கார்டா. டீசல் இன்ஜின் போட்டு, ஏசி மாட்டி, மாப்பிள்ளை அழைப்புக்கு விடப்போறாராம்.”

“டீசலா ஸார்?”

“பெட்ரோலைக் குடிச்சுத் தள்ளறதோன்னோ. ஏன்டா மூஞ்சி இப்படிப் போறது? உன் பொண்டாட்டியையா விக்கறேன்?”

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். விற்கவேண்டாம் என்று அதற்குப் பிறகும் கேட்டுப் பார்த்தேன். “விட்டது தொல்லைன்னு இருக்கேன், சும்மா இருடா” என்றார். நான் நியாயமாகக் கேட்டேன் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

சிவசங்கரன் ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்குத்தான் வரமுடியும் என்றார். அது ராகுகாலம். ஸாரிடம் அதற்கு ஒரு வழி இருந்தது. கெட்ட நேரத்தில் ஊருக்குக் கிளம்ப வேண்டியவர்கள், நல்ல நேரத்திலேயே பெட்டியைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். பிரயாணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். ஸார் அதை வண்டிக்கும் வைத்தார்.

“ராகுகாலத்துக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணிடு. இன்ஜின் மட்டும் நிக்கப்படாது. காலி வண்டியாவும் இருக்கப்படாது. நான் பின்னாடி உக்காந்துக்கறேன். அவர் வந்ததும் ஓட்டிண்டு போகட்டும்.”

மாமி கோயிலுக்குப் போயிருந்தாள். வண்டிக்கு மாலை போட்டோம். ஸார் வேஷ்டியை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் முதல் தடவையிலேயே பிடித்தது. மழை ஆரம்பித்தது.

“சாரல் அடிக்கறது, ஷெட்டுக் கதவைச் சாத்துடா” என்றார்.

சாத்தச் சொன்னது அவர். வெளியே தாழ்ப்பாள் போட்டது நான்.

புகை போகும் சைலன்சர் குழாயின் இணைப்பைக் காலையிலேயே தளர்த்தியிருந்தேன். அது சரியாகப் பின்சீட்டுக்குக் கீழே வருகிறது. அந்த இடத்தில் தரைப்பலகையையும் எடுத்து வைத்திருந்தேன். பின்கதவுகளின் உள்கைப்பிடிகளும் கண்ணாடி இறக்கும் பிடிகளும் பாலிஷுக்குப் போயிருக்கின்றன என்று ஸாரிடம் சொல்லியிருந்தேன். அவை என் சட்டைப்பையில் இருந்தன. முன்சீட்டுக்குத் தாண்டி வர அவர் முழங்கால் இடம் கொடுக்காது. அது எனக்குத் தெரியும். மாதாமாதம் அதற்குத் தைலம் வாங்கிக் கொடுத்தவன் நான்தான்.

தட்டினார். முதலில் மரியாதையாக, பாத்ரூம் கதவைத் தட்டுவது போல. “சந்திரா, கதவு தெறக்கலைடா” என்றார். அப்புறம் வேகமாக. மழையில் நனைந்துகொண்டு நான் வெளியே நின்றேன். இன்ஜின் சீராக ஓடுகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். சீராகத்தான் ஓடிற்று.

சிவசங்கரன் மழையில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார். அதற்குள் கதவுகளைத் திறந்து, எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தேன். ஸாரின் முகம் நல்ல சிவப்பாக இருந்தது. வயதானவர், இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். மாலை போட்ட வண்டியில் உயிர் போயிருக்கிறது, இதை வைத்து மாப்பிள்ளை அழைப்பு நடத்தமுடியாது என்று சிவசங்கரன் குடையைக்கூட மடிக்காமல் திரும்பிவிட்டார். மாமி அழுதுகொண்டே என் கையைப் பிடித்தாள். “கடைசியில நீயாவது பக்கத்துல இருந்தியேப்பா” என்றாள். ஆமாம் என்றேன்.

அந்தச் சத்தம் அன்றிலிருந்துதான். இடதுபக்கப் பின்கதவு. கதவைப் பிரித்துப் பார்த்தேன், உள்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். எதுவும் ஆடவில்லை. இன்ஜின் ஓடினால் வரும். முதலில் மெதுவாக, அப்புறம் வேகமாக. எனக்குப் பழகிவிட்டது. சில நாள் அதைக் கேட்பதற்காகவே கிளப்புகிறேன்.

சாவியை ஏன் கீழே வைத்துவிட்டீர்கள்? இன்னும் ஓட்டியே பார்க்கவில்லையே. இதற்கு முன் வந்தவர்களும் இப்படித்தான். ஒருவர் சிரித்தார், ஒருவர் எனக்குப் புத்தி சரியில்லை என்று மாமியிடமே சொல்லிவிட்டுப் போனார். போலீஸுக்கு யாரும் போகவில்லை. வண்டியையும் யாரும் வாங்கவில்லை.

நீங்களும் போய்வாருங்கள். வருத்தமில்லை. சேஷகிரி ஸார் இருந்தாலும் சந்தோஷம்தான் பட்டிருப்பார். இந்த வண்டியை வேறொருவர் கையில் கொடுக்க அவருக்கு எப்போதுமே மனசு வந்ததில்லை.