பத்தாம் நம்பருக்கு ரேவதி நட்சத்திரம்

மேடையில் வீற்றிருக்கும் தலைவர் நவரட்ணம் அங்கிள் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் கனகாம்பிகை அன்ரி அவர்களே, தமிழ் விளங்காமலே ஒரு மணித்தியாலமாகத் தலையாட்டிக்கொண்டிருக்கும் எர்னெஸ்டோ அவர்களே, அஜக்ஸிலும் விட்பியிலும் இருந்து 401 நெடுஞ்சாலையில் ஊர்ந்து ரெக்ஸ்டேல் வந்து சேர்ந்த பெரியவர்களே, எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் மிதுஷா. நவரட்ணம் அங்கிளின் சாப்பாட்டுக் கடையில் றோல்ஸ் பொரிக்கிறேன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டபிறகு நான் ஊரறியப் பேசிய ஒரே வசனம் "மட்டனா, மீனா?" என்பதுதான். பின்னால் இருப்பவர்கள் கேட்கவில்லை என்று கை காட்டுகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள், சத்தம் வரும்.

என் தலைக்கு மேலே பனரில் என்ன எழுதியிருக்கிறது? 'ஸ்பானிய மொழி வல்லுநர் அமரர் தியாகலிங்கம்.' தலைவர் சற்றுமுன் என்ன சொன்னார்? "இனி மொழிபெயர்க்க ஆளில்லை. மாசம் முடிய அந்த ஸ்பானிஷ் ஸ்போர்ட்ஸ் சனலை வெட்டப்போறன்." அந்தச் சனலுக்காகத்தான் நான் எழும்பினேன்.

அது எப்படி வந்தது? நவரட்ணம் அங்கிள் தமிழ்ச் சனல் கேட்டு கேபிள் கொம்பனிக்குப் போன் அடித்தார். மறுபக்கம் கேட்ட எல்லாவற்றுக்கும் மரியாதைக்காக "ஓம், ஓம்" என்றார். அடுத்த கிழமை கடை ரிவியில் நாள் முழுக்க ஸ்பானிஷ் உதைபந்தாட்டம்!

அதைத் திருப்பி அனுப்பவிடாமல் தடுத்தவர் யார்? எங்கள் தியாகலிங்கம் அங்கிள்! "உவன் என்ன சொல்லுறான் எண்டு நான் சொல்லுறன், இருங்கோ" என்று றிமோட்டை மைக் மாதிரிப் பிடித்து எழும்பியவர் யார்? எங்கள் தியாகலிங்கம் அங்கிள்! ஒன்பது வருட ஞாயிற்றுக்கிழமைகள்! பந்து கோலுக்குப் போகும் நேரம் கை தவறி றிமோட் அமுங்கி, திரையில் பஃபலோ நகரத்தின் பனிநிலவரம் வந்த நாளிலும் நிறுத்தினாரா? பனிப் படத்தைப் பார்த்துக்கொண்டே நாங்கள் கோலுக்குக் கை தட்டவில்லையா?

பச்சைச் சட்டைக்காரரின் பத்தாம் நம்பர் ஒருநாள் சோர்ந்து விளையாடினான். அங்கிள் தழுதழுத்த குரலில் மொழிபெயர்த்தார்: "பொடியன்ர தாய்க்கு ஒப்பரேஷனாம். கண்ணீரோட விளையாடுறானாம்." கடையில் ஒருவரும் கொத்துறொட்டியைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை ஏழு பேர் கோவிலுக்குப் போய் அவனுக்கு அர்ச்சனை செய்தார்கள். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அங்கிளுக்குப் போன் போனது. அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. "ரேவதி" என்றார். அடுத்த ஞாயிறு பத்தாம் நம்பர் இரண்டு கோல் அடித்தான்!

பெரியோர்களே, என்னை மன்னியுங்கள். எங்கள் தியாகலிங்கம் அங்கிளுக்கு ஸ்பானிஷில் ஒரு சொல்லும் தெரியாது.

இருங்கள், இருங்கள்! பக்கத்துத் தெருவில் இருந்து எர்னெஸ்டோ முதன்முதலாகக் கடைக்கு வந்த நாள் நான் தட்டோடு பக்கத்தில் நின்றேன். அவர் ஸ்பானிஷில் ஏதோ கேட்டார். அங்கிள் கம்பீரமாகப் பதில் சொன்னார்: "ஓம், ஓம்." அவர் கேட்டது கழிப்பறை எங்கே என்று. பாவம், கையால் காட்டித்தான் கேட்க வேண்டி வந்தது. அங்கிள் என் பின்னாலேயே றோல்ஸ் பொரிக்கும் குசினிக்கு வந்தார்.

"பிள்ளை, உதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாத."

"அப்ப இவ்வளவு நாளும் சொன்னதெல்லாம், அங்கிள்?"

"மூஞ்சியைப் பார்த்தாலே தெரியுதே, அவங்கள் என்ன பாடுபடுறாங்கள் எண்டு. அதுக்குப் பாஷை வேணுமே?"

மூன்று வருடம் அந்த இரகசியத்தைக் காத்தேன். இன்று உடைக்கிறேன். நேற்று கனகாம்பிகை அன்ரியிடம் போய் அனுமதி கேட்டேன். அன்ரி சிரித்தா.

"முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினனான். அந்த மனுசனுக்கு இங்கிலீசே அரைகுறை. ஸ்பானிஷ் எங்கால?"

"அப்ப ஏன் அன்ரி அர்ச்சனைக்குப் போனீங்கள்?"

"தாய்க்குச் சுகமில்லை எண்டால் போகாமல் இருக்கேலுமே?"

எர்னெஸ்டோவுக்கும் தெரியும். ரிவிக்காரன் மெத்தை விளம்பரம் வாசிக்கும்போது அங்கிள் கண்ணைத் துடைப்பாராம். "அவருடைய தமிழ் எனக்கு ஒன்றும் விளங்காது. ஆனாலும் அவருடைய மட்ச் திரையில் நடந்ததைவிட நல்ல மட்ச்" என்று நேற்று எனக்கு ஆங்கிலத்தில் சொன்னார்.

ஆகவே தலைவர் அவர்களே, மொழிபெயர்க்க ஆளில்லை என்கிறீர்கள். என்றைக்கு இருந்தது? ஆளில்லாமலே ஒன்பது வருடம் ஓடிய சனலை இன்று ஏன் வெட்ட வேண்டும்?

வருகிற ஞாயிறு இரண்டு மணிக்குப் பச்சைச் சட்டைக்கு இறுதியாட்டம். எனக்கும் ஸ்பானிஷ் தெரியாது. அந்தத் தகுதியோடு றிமோட்டை நான் பிடிக்கிறேன். ஒரு ஞாயிறும் விடமாட்டேன். பத்தாம் நம்பரின் தாய் இப்போது சுகமாக இருக்கிறா என்பதையும் அறியத்தருகிறேன்.

நிகழ்ச்சி நிரலில் அடுத்தது ஒரு நிமிட மௌனம். தியாகலிங்கம் அங்கிளுக்கா மௌனம்? அவர் மொழிபெயர்க்காமல் அப்படியே விட்டது ஒரே ஒரு சத்தத்தைத்தான். அதைச் செய்வோம். எழும்புங்கள். எர்னெஸ்டோ, நீங்களும். மூச்சை நன்றாக உள்ளே இழுங்கள். நவரட்ணம் அங்கிள், உங்கள் சேர்ட் பொக்கற்றில் றிமோட் தெரிகிறது. நீங்களும் சேர்ந்து கத்தினால் சனல் இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்.

பின்வரிசை, இப்போது கேட்கிறதா?

கோ... ஓ... ஓ... ஓ... ஓல்!