நான் கத்தியதற்குக் காரணம்

பெண்கள் பிரிவு ஆய்வாளர் நம்பூசி அம்மா அவர்களுக்கு, இந்த அகாலத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். பிள்ளை இப்போதுதான் தூங்கினாள். விடிந்தால் என் கணவரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறீர்கள்.

என் பெயர் நந்தூமே ஜஸ்டின், வயது இருபத்தாறு, பட்டதாரி, ஆரம்பப் பள்ளி ஆசிரியை. மசாகா நகரத்து நியெண்டோ பகுதியில் மரப்பட்டறைகளுக்குப் பின்னால் உள்ள வாடகை வீட்டில், கட்டில் செய்யும் தச்சரான என் கணவர் லுட்டாயாவுடனும் கைக்குழந்தையுடனும் குடியிருக்கிறேன்.

நிறைமாதத்துக்கு முன் வாடகை மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்ததில் அடிமுதுகில் பிடித்த வலி, பிரசவத்துக்குப் பிறகும் விடவில்லை. பிள்ளையை முதுகில் கட்ட என்னால் ஆகாது என்பதால் அவரே துணியால் கட்டிக்கொண்டு இழைப்புளி தள்ளுவார். பட்டறைக்காரர்கள், "ஏம்ப்பா, பாலும் நீதான் குடுக்கிறியா?" என்று கேட்டால், "அது மட்டும் அவ பாத்துக்கிறா" என்பார். நான் எழச் சிரமப்படுவதைப் பார்த்து எங்கள் கட்டில் கால்களுக்குக் கட்டை கொடுத்து உயர்த்தினார். அது இன்னும் அப்படியே இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

பிரசவத்துக்குப் பிறகு நாங்கள் கணவன் மனைவியாகச் சேரவில்லை. அவர் கேட்கவும் இல்லை. எனக்கும் ஆசை இருந்தது என்பதை எழுதாவிட்டால் இது முழு உண்மை ஆகாது. நம் வழக்கத்தில் படுக்கை விஷயத்தை அத்தையிடம்தான் பேசலாம், பெற்ற தாயிடம்கூடப் பேசக்கூடாது என்பது தாங்கள் அறிந்ததே. ஆகவே அப்பாவின் தங்கையை வரவழைத்துச் சொன்னேன். அத்தை, "வலிக்குது வலிக்குதுன்னு சொல்லியே ஆம்பளைய அடுத்த வீட்டுக்கு வழியனுப்பாதடி. பல்லைக் கடிச்சுக்கோ" என்றார்.

அதன் பிறகு, வெள்ளிக்கிழமை, வலி போய்விட்டது என்று அவரிடம் பொய் சொன்னேன். "நெசமாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அன்று இரவு சேர்ந்திருக்கையில் முதுகிலிருந்து கால்வரை வெட்டி இழுத்ததில் என்னை அறியாமல் கத்திவிட்டேன். அவர் நெருப்பைத் தொட்டவர்போல் விலகிப்போய்க் கதவோரம் உட்கார்ந்தார். கூப்பிட்டும் பக்கத்தில் வரவில்லை.

மறுநாள் காலையில், சுவருக்கு அந்தப்பக்கம் குடியிருக்கும் நக்கூ என் கத்தலைக் கேட்டதாகச் சொன்னதன் பேரில் வட்டாரத் தலைவர் காவலரை அழைத்து வந்தார். அப்போது பிள்ளை என் கணவர் முதுகில் இருந்தாள். பெண்டாட்டியை அடித்தாயா என்று காவலர் கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். வாசலில் தெருவே நின்றது. படுக்கை விஷயத்தை அத்தனை பேர் முன் அவர் சொல்லிவிடுவாரோ என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். "ஆமா சார், அடிச்சேன்" என்றார். பிறகு முடிச்சை அவிழ்த்துப் பிள்ளையை என் கையில் கொடுத்து, "முதுகுல கட்டாத, மடியில வச்சுக்கோ" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அதன் பிறகு நிலையத்துக்கு வந்தேன். அடிக்கவில்லை என்று மட்டும் சொன்னேன். மேஜையில் இருந்த ஆண் காவலர்கள், எல்லாப் பெண்டாட்டியும் இதைத்தான் சொல்வாள், அப்படியானால் அது என்ன சத்தம் என்று கேட்டார்கள். நக்கூவும் பக்கத்தில் இருந்தாள். அவர்கள் முன் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தாங்கள்தான், "எழுதியாவது குடும்மா" என்றீர்கள்.

இன்று அவரைப் பார்த்துவந்த அவர் தம்பி சொன்னது: "அண்ணன் கோர்ட்லயும் அடிச்சேன்னுதான் சொல்வாராம் அண்ணி. வெளிய விட்டாலும் பட்டறையிலதான் படுப்பாராம். அவ அப்படிக் கத்தி இன்னொரு தடவ என்னால கேக்க முடியாதுங்கிறார்."

அவர் என்னை அடித்ததில்லை. பெண் மருத்துவரை வைத்து என் உடம்பைச் சோதிக்கலாம், அத்தையையும் விசாரிக்கலாம். தலைகுனிந்து நின்றது நான், சிறைக்குப் போவது அவர் என்று ஆகிவிடக் கூடாது.

இதை யாரும் சொல்லித் தரவில்லை. என் கையால் எழுதினேன், எழுதியது அத்தனையும் நடந்தது.

(ஒப்பம்) நந்தூமே ஜஸ்டின்

அம்மா, காலையில் அவர் தம்பி இதைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு வாசலிலேயே நிற்பார். என் கணவரை வண்டியில் ஏற்றுவதற்கு முன் படித்து, சீக்கிரம் பதில் சொல்லி அனுப்புங்கள்.