மெதுவா போனா வர்ற சத்தம்

உள்ள கூப்பிடலன்னா பரவாயில்ல மச்சான், இங்கியே நிக்கிறேன். மாட்டுக் கொட்டாய்கிட்ட நின்னு பேசினா எனக்கு ஒண்ணும் கொறஞ்சு போயிடாது. உங்க தங்கச்சிய இட்டுக்கினு போகத்தான் வந்தேன். இருவத்திரெண்டு நாளாச்சு. ஆசிரமத்துகிட்ட இருக்குற எங்க வீட்லேர்ந்து இந்த அடி அண்ணாமலை இன்னா அமெரிக்காவா? ஆள் அனுப்பினா பொன்னிக்கு உடம்பு சரியில்லன்றீங்க. சரியில்லன்னா எங்க வீட்ல பாய் இல்லியா, தலகாணி இல்லியா? அங்க வந்து படுக்கட்டும்.

இன்னா சண்டைன்னு என்னக் கேளுங்க. அவளக் கேட்டா ஒண்ணுமில்லன்றாளா? அப்ப நான் சொல்றேன். எல்லாத்துக்கும் காரணம் கார்தான். கார்ல வந்த சத்தம். அப்டி பாக்காதீங்க மச்சான், நான் குடிச்சிட்டு வரல.

மோரெல்லாம் வேணாம். மொதல்ல கேளுங்க.

அம்பாசிடர ஒம்பது வருசமா ஓட்றேன். ஸ்டாண்டுல அர்ஜுனன் வண்டின்னா தனி மரியாத. அந்த வண்டியில தை மாசத்துலேர்ந்து கடக்கு... கடக்கு...னு ஒரு சத்தம். பின்பக்கம். எப்பவும் வந்தாலாவது ஒரு நாயம் இருக்கு. தேரடித் தெருவுல கூட்டத்துல ஊர்ந்துக்கினு போனா வரும். வேட்டவலம் ரோட்ல போய் ஒரு அமுக்கு அமுக்கினா நின்னுடும். இத எவன்கிட்ட சொன்னாலும் என்னத்தான் ஒரு மாதிரி பாக்குறான்.

போளூர் ரோட்ல ஒரு மெக்கானிக் இருக்கான், பேர் வேணாம், சொன்னா வாய் நாறும். வண்டிய எடுத்துக்கினு அறுபதுல பறந்துட்டு வந்து, சத்தமே இல்லியேன்றான். மெதுவா போடான்னா கேக்குறானா? ஷாக் அப்சர்பர் போயிடுச்சுன்னு ரெண்டையும் மாத்தினான். தெருமுனை திரும்பல, கடக்கு! இன்னொருத்தன் ஸ்பிரிங் பிளேட்டுல இருந்து வருதுன்னு, சக்கரத்தத் தொடாமலே பிளேட்ட மட்டும் கழட்டிப் போட்டுட்டு மச்சினிச்சி கல்யாணம்னு போயிட்டான். மூணு நாள் வண்டி கல்லு மேல நின்னுச்சு. ஒரு வெள்ளக்காரம்மா, சாத்தனூர் டேம் பாக்க வந்தவங்க, பின்சீட்ல கண்ண மூடிக்கினு தியானம். டேம்கிட்ட வண்டி மெதுவா போவுது, திடீர்னு கண்ணத் தொறந்து, டிரைவர், உள்ள யாரோ தட்றாங்கன்றாங்க.

ஸ்டாண்டுல எல்லாரும் கண்ணு பட்டுடுச்சுன்னானுங்க. சரின்னு பூசணிக்கா ஒடச்சேன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்தினேன். பழம் நசுங்குது, கூடவே கடக்குங்குது. அன்னிக்கு கார கொளுத்திடலாம்னு இருந்துச்சு மச்சான், சத்தியமா சொல்றேன்.

கண்டுபுடிச்சாச்சு, ஆமா. இன்னிக்குக் காலைலதான். பக்ருதீன் பாய் ஆம்பூர்ல மக வீட்டுக்குப் போயி ஒன்ற மாசம் கழிச்சு நேத்துதான் பட்டறைய தொறந்தாரு. அந்த மனுசன் வண்டிய ஓட்டவே இல்ல. அர்ஜுனா, நீ ஓட்டு, நான் நடக்குற வேகத்துக்கு ஓட்டுன்னாரு. பின் மட்கார்டு மேல கைய வெச்சுக்கினு கூடவே நடந்தாரு. முப்பதடி கூட போகல. நிறுத்துன்னாரு. ஸ்க்ரூ டிரைவர வெச்சு சக்கரத்து நடுவுல மூடியாட்டம் இருக்குற கப்ப நெம்பினாரு பாருங்க, உள்ளேர்ந்து ஒரு நட்டு டங்குனு விழுது.

சக்கரத்த முடுக்குற நட்டு மச்சான். மெதுவா போனா கப்புக்குள்ள உருளும். வேகமா போனா ஓரமா ஒட்டிக்கும், சத்தம் வராது. அவ்ளோதான் விசயம். உருண்டு உருண்டு வெள்ளிக்காசு மாதிரி பளபளன்னு ஆயிடுச்சு.

அதோட முடிஞ்சா பரவாயில்லயே. உள்ள பாத்தா மீதி இருந்ததுல ரெண்டு நட்டு வெறுங்கையாலயே சுத்துது. பாய் எம் மூஞ்சிலயே துணிய விட்டெறிஞ்சாரு. எந்த தைரியத்துல ஆளுங்கள ஏத்தின, எவன்டா இந்த வீல மாட்டினவன், அவன் கைய ஒடைக்கணும்னு கத்துறாரு. நேத்துதான் வேலூருக்கு ஒரு சவாரி போய்ட்டு வந்தேன். கைக்கொழந்தையோட ஒரு குடும்பம். கண்ணமங்கலம் தாண்டி எழுவதுல போனேன் மச்சான். பட்டறையிலயே உக்காந்துட்டேன்.

எவன் மாட்டினான்னா? நான்தான். இந்தக் கைதான்.

தையில செங்கத்துல ஒரு கல்யாணத்துக்குப் போனோம் இல்ல, வழியில பஞ்சர். முகூர்த்தத்துக்கு நேரமாச்சு, வெள்ள வேட்டியோட ஸ்டெப்னி மாத்துறேன், எரிச்சல்னா அப்டி ஒரு எரிச்சல். கழட்டுற நட்ட கப்ப மல்லாத்தி அதுல போட்டு வெப்போம், எல்லா டிரைவரும் செய்றதுதான். பொன்னிதான் ஒவ்வொண்ணா எடுத்துக் குடுத்தா. கப்பு பூரா கிரீஸ். ஒண்ணு அதுல ஒட்டிக்கினு இருந்திருக்கு. நான் பாக்கல. அவ பாத்தா. இன்னும் ஒண்ணு இருக்குதுங்கன்னா.

காதுல விழுந்துச்சு. விழலன்னு உங்க வீட்டு வாசல்ல நின்னுக்கினு பொய் சொல்ல மாட்டேன். வாய மூடிக்கினு ஏறுன்னு சொல்லி, கப்ப புடுங்கி வெச்சு ஒரே குத்து குத்தி மாட்டிட்டேன். மூணு மணி நேரம் கல்யாண வீட்ல அவ மூஞ்சிய தூக்கி வெச்சுக்கினு இருந்தான்னு அதுக்கு வேற திட்டினேன்.

அதுக்கப்புறம் சத்தம் வந்ததுலேர்ந்து தெனம் சொன்னா மச்சான். சோறு போடும்போது சொன்னா, படுக்கும்போது சொன்னா. கொடத்துல புளியங்கொட்டயப் போட்டு உருட்டின மாதிரி இருக்குது, மூடிய ஒருவாட்டி கழட்டிப் பாருங்கன்னு. அஞ்சாவது படிச்சவளுக்கு வண்டியப் பத்தி இன்னா தெரியும்னு நெனச்சேன். போளூர் ரோட்டுக்காரன் சொன்னா கேட்டேன், பூசணிக்கா ஒடைக்க சொன்னவன் சொன்னாலும் கேட்டேன். இவ சொன்னா மட்டும் எனக்கு ஒடம்பெல்லாம் எரியும். யார் மேல இந்தக் கோவம்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல.

அவ இங்க கெளம்பி வந்தா இல்ல, அன்னிக்கு ஸ்டாண்டுக்கு சோறு எடுத்தாந்தா. அந்த நேரம் பாத்து வண்டிய ரிவர்ஸ் எடுக்குறேன், கடக்குங்குது. நாலு டிரைவருங்க நிக்கிறானுங்க. அவனுங்க எதிர்லயே சொல்றா, செங்கத்து வழியிலயே சொன்னேன், கேட்டீங்களான்னு. ஒருத்தன் சிரிச்சான். அர்ஜுனா, இனிமே நீ சோறு எடுத்துக்கினு வா, உன் வீட்டுக்காரி வண்டிய பாத்துக்கட்டும்னான்.

அவன நான் ஒண்ணும் பண்ணல.

கதவுகிட்ட நிக்கிறது அவதான? சேல தெரியுது. இப்ப வண்டியில சத்தம் இல்லன்னு அவகிட்ட சொல்லுங்க. மூடிக்குள்ளதான் இருந்துச்சுன்னு சொல்லுங்க. ஏன், நான் பேசினது அவளுக்குக் கேக்கலியா? இவ்ளோ கத்திப் பேசுறேன்.

இன்னாது?

காதுக்குள்ள இன்னும் கொய்யுன்னு சத்தம் நிக்கலியா? பெரியாஸ்பத்திரில காட்டினீங்களா? சவ்வு கிழிஞ்சிருக்குன்னா சொன்னாரு டாக்டரு? எப்டி ஆச்சுன்னு கேட்டாரா?

கார் கதவு இடிச்சிடுச்சுன்னு சொன்னாளா...

கதவு இல்ல மச்சான். நான்தான் அறஞ்சேன்.