விக்கெட் விழுந்தால் வரும் முகம்

– இன்னொரு தடவை எங்க தலைவர் முகம் டிவியில வந்துச்சுன்னா எனக்கு வேலை போயிடும், அத்தான்.

– அது என் கையில இல்லம்மா. நம்ம ஆளு அவுட்டானா வரும். விக்கெட் விழுந்ததும் போடற விளம்பர இடத்தை மொத்தமா உங்க கட்சிக்குப் பிடிச்சது நீதானே?

– அப்பதான் ஒருத்தரும் டிவி முன்னாடியிருந்து எழுந்திருக்க மாட்டாங்கன்னு பிடிச்சேன்.

– எழுந்திருக்கலையே. உக்காந்து திட்டறாங்க.

– ஆறு விக்கெட். ஆறு தடவையும், “உங்க சந்தோஷமே என் சந்தோஷம்”னு சிரிக்கிறார்.

– மைதானத்துலயும் பெரிய திரையில அதேதான் ஓடுது. அவரே அங்க உக்காந்திருக்கார், கேமராவுல பாத்தேன். முதல் ரெண்டு தடவை எழுந்து கையாட்டினார். இப்போ செருப்பையே பாத்துட்டிருக்கார்.

– கிண்டல் பண்ணாதீங்க.

– உன் அம்மா வேற போன் பண்ணாங்க. ஓட்டு வந்த நாள்லேர்ந்து உங்க கட்சிக்கே போட்டவங்க. இந்த மனுஷன் தலையைக் காட்டினாலே ஒருத்தன் அவுட்டாகறான்னு சொல்றாங்க.

– அவுட்டான பிறகுதானே அவர் வர்றார்?

– அதைத்தான் விளக்கினேன். மாப்பிள்ளை, நீங்களும் அந்தாளு பக்கமான்னு கேட்டு வச்சுட்டாங்க.

– சேனல் கன்ட்ரோல் ரூம்ல இருக்கறது நீங்க. ஒரு பட்டனை அமுக்கினா நிறுத்திடலாம்ல?

– நிறுத்தலாம். அடுத்த மேட்சை வீட்டுல உக்காந்து பாக்கலாம். பாரும்மா, மேட்ச் நடுவுல கட்சி விளம்பரமே கூடாதுன்னு நிர்வாகத்தோட மல்லுக்கட்டினவன் நான். வருமானம் போயிடும்னாங்க. சரி, போட்டே தீருவீங்கன்னா, ஆட்டம் தொடங்கின பிறகு எந்தக் கட்சி சொன்னாலும் விளம்பரத்தை நிறுத்தக் கூடாதுன்னு ஒரு விதியாவது வைங்கன்னேன். வச்சாங்க.

– தெரியும். சொல்லியிருக்கீங்க.

– எப்போ?

– அக்கா பிறந்தநாளன்னிக்கு, சாப்பாட்டு மேசையில. எல்லாரும் கை கழுவப் போன பிறகும் சொல்லிட்டிருந்தீங்க. நான் மட்டும் உக்காந்து கேட்டேன்.

– கேட்டுமா இந்த இடத்தைப் பிடிச்சே?

– எங்க பிரசார மேலாளர் இன்னொரு லைன்ல காத்திட்டிருக்கார். சேத்து விடறேன். நிறுத்தவே முடியாதுன்னு உங்க வாயால சொல்லிடுங்க. நான் கெஞ்சினேன்னும் சொல்லுங்க.

– நீ இன்னும் கெஞ்சலையே.

– கெஞ்சறேன், அத்தான்.

– இவ்வளவுதானா? சரி, சொல்றேன். இரு, இரு... தூக்கி அடிச்சான். மேல போகுது. பிடிச்சுட்டான். ஏழாவது. வந்துட்டார் உங்க தலைவர்.

– நல்லா சிரிக்கிறாரா?

– பல்லெல்லாம் தெரியுது. ஏம்மா, எதிர்க்கட்சிக்காரன் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் இப்படி ஒரு வேலை நடக்காது. உன்னைத் தலையில தூக்கி வச்சு ஆடுவாங்க. உன் நம்பரை அவங்களுக்குக் கொடுத்துடட்டுமா?

– வேண்டாம், அத்தான். ரெண்டு மாசமா அவங்ககிட்ட இருக்கு.