கோபிக்குப் போகும் கிரைண்டர்

– உக்காருங்க அம்மணி, உக்காருங்க. டெஸ்பாட்ச்சுக்கு ஆளு வேணும்னு போர்டு மாட்டி நாலு நாளாச்சு. இன்னைக்குத்தான் ஒருத்தர் படியேறியிருக்கீங்க. டீ குடிங்க. பேரு என்னங்க?

– யுஸ்ராங்க. நான் எதுக்கு வந்தேன்னா...

– இருங்க, போனு. ஏனுங்க மாஸ்டர், சொல்லுங்க! கிரைண்டருங்களா? வந்துட்டே இருக்குதுங்க, அன்னூர் தாண்டியிருக்கும். கவலையே படாதீங்க... கோபில புது ஓட்டலுங்க அம்மணி, நாளைக்குக் காலைல திறக்கறாங்க. அதோட சமையல் மாஸ்டரு. நம்ம பெரிய கிரைண்டருதான் அங்க போகுது.

– லாரி அன்னூர் தாண்டிருச்சுங்களா?

– அதா வாசல்ல நிக்குதுங்களே, அதுதான்.

– நிக்கற லாரியவா அன்னூர் தாண்ட வச்சீங்க?

– லேட்டாகும்னு எப்படிங்க சொல்றது? மரியாதையில்லீங்களே! சென்னகிருஷ்ணன் இல்லைன்னு சொன்னான்னு ஒரு பேரு வரக்கூடாதுங்க. ராத்திரிக்குள்ள போயிருமுங்க. உங்களுக்கு இந்த வேலைல அனுபவம் உண்டுங்களா?

– திருப்பூர் பனியன் கம்பெனில எட்டு வருசம் டெஸ்பாட்ச் பாத்தேனுங்க. ஆனா, ராத்திரி போனா அந்த ஓட்டல்ல நாளைக்கு இட்லி கிடையாதுங்க.

– ஏனுங்க?

– காலைல அஞ்சு மணிக்கு இட்லி ஊத்தோணும்னா, ராத்திரி எட்டு மணிக்கு மாவக் கரைச்சு உப்புப் போட்டு வச்சிருக்கோணும். அப்பத்தான் புளிக்கும். முந்நூறு பேருக்கு மாவுங்க, ஆறு மணிக்காவது அரைக்க ஆரம்பிக்கோணும். கிரைண்டர எறக்கி, கரண்ட் குடுத்து, கல்லக் கழுவி ஓட்டிப் பாக்க ஒரு மணி நேரம். ஆக, அஞ்சு மணிக்கு அது ஓட்டல் வாசல்ல இருக்கோணும்.

– முப்பது வருசமா கிரைண்டர் செய்யறேன், இத யோசிக்கல பாருங்க!

– சரக்கு அனுப்பறது லாரில தொடங்குதுன்னு நெனைக்கறோமுங்க. வாங்கறவங்களுக்கு எப்ப வேணும்ங்கறதுலதான் அது தொடங்குது. அங்கிருந்து ஒவ்வொரு அடியா பின்னால நடந்து வந்தா, நாம எப்பக் கெளம்பறதுன்னு தானாத் தெரிஞ்சுரும். இப்ப மணி பதினொண்ணரை. கோபி எவ்வளவு நேரமுங்க?

– அத எங்கிட்டக் கேளுங்கம்மா. ரெண்டரை மணி நேரம். புளியம்பட்டில சந்தை, மூணுன்னே வச்சுக்குங்க. மொதலாளி, கெளம்பறதா, இல்ல கேபின்ல தூங்கறதா?

– இவன் குமாரசாமி, நம்ம டிரைவருங்க. பொறுடா, இன்னும் ஆறு பெட்டி ஏத்துனா லோடு நெறையும்.

– குமாரசாமியண்ணா, அந்தக் கிரைண்டரு லாரில எங்க இருக்குதுங்க?

– அவன் என்ன சொல்றது, நான் சொல்றேன் அம்மணி. புதுக் கடைக்குப் போற சாமானுங்களா, சந்தனம் குங்குமம் வச்சு, பூப் போட்டு, எல்லாத்துக்கும் முந்தி அதத்தான் ஏத்துனோம்!

– அதனால அது கேபின ஒட்டி உள்ளார ஒக்காந்திருக்குதுங்க. அதுக்கு இந்தப் பக்கம் ஈரோட்டுக்கு முப்பது, சென்னிமலைக்கு இருபது சின்னக் கிரைண்டரு. மொதல் எறக்கமே கோபிதான். அம்பது பெட்டியையும் ரோட்ல பரப்பி நானும் ஒரு சந்தை போட வேண்டியதுதான். அப்பவே சொன்னேனுங்க.

– எப்படா சொன்னே?

– மனசுக்குள்ள சொன்னேனுங்க.

– மொதல்ல எறங்கறது கடைசில ஏறோணுமுங்க. சென்னிமலை உள்ள, ஈரோடு நடுவுல, கோபி கதவ ஒட்டி.

– மங்கலச் சாமான் கடைசிலயாங்க? மனசு ஒப்பலீங்களே.

– கடைசில ஏறுனாலும் மொதல்ல எறங்குதுங்களே. மங்கலம் அவங்க வாசல்லதான நடக்கோணும்?

– அது சரிதானுங்க... குமாரசாமி, எல்லாத்தையும் எறக்கி மாத்தி ஏத்துடா.

– குழவிய மட்டும் தனியா சாக்குல சுத்திருங்கண்ணா. உள்ளயே கெடந்தா குலுங்கி டிரம்மு நசுங்கிரும். அப்பறமுங்க, அந்த ஆறு பெட்டி எங்க?

– சென்னிமலைக்குப் போறதுங்க, குடோன்ல இருக்குது.

– குடோன்லதான் இருக்குது. எந்த மூலைலன்னு காலைல இருந்து நாலு பேரு தேடறாங்க.

– போடா, போய் வேலையப் பாரு. அதிகமா விக்கற மாடலாச்சேன்னு உள் ரூம்ல பத்திரமா வச்சிருக்குதுங்க அம்மணி.

– அப்ப குடோன் வாசல்ல என்ன இருக்குதுங்க?

– மூணு வருசமா விக்காதது.

– தெனமும் எடுக்கற உப்பு டப்பாவ யாராச்சும் பரண்ல வைப்பாங்களா? எது அடிக்கடி வெளிய போகுதோ அது கதவுகிட்ட இருக்கோணுமுங்க. ஆறு பெட்டி இல்லாட்டி சென்னிமலைக்காரரு தாங்குவாருங்களா?

– ஒரு வாரம் தாங்கும். ஆனா லாரில எடம் சும்மா போகுதுங்களே?

– லோடு நெறைஞ்சு போறது சிக்கனந்தானுங்க. ஆனா அவசரமில்லாத ஆறு பெட்டிக்காக அவசரமான ஒண்ணு காத்துட்டு நிக்குது. அது சிக்கனமில்லீங்க. அவருக்கு இப்பவே போன் போட்டு, வெள்ளிக்கிழமை வரும்னு சொல்லிருங்க.

– நானுங்களா? சென்னிமலைல அன்னூர் மாதிரி ஏதாச்சும் ஊரு...

– நெசத்தையே சொல்லுங்க. வருது வருதுன்னா அவரு அத நம்பி அங்க நாலு பேருக்கு வாக்குக் குடுத்துருவாரு.

– சரி, போடறேனுங்க. ஏனுங்க, நாந்தான், சென்னகிருஷ்ணன். அந்த ஆறு பெட்டி வெள்ளிக்கிழமைதானுங்க... ஆமாங்க... அப்படிங்களா? சரிங்க சரிங்க! அம்மணி, அவரு கடைல வைக்கவே எடமில்லையாம். நல்லதாப் போச்சுங்கறாரு! இதச் சொல்லவா இத்தனை பயந்தேன்!

– பாத்தீங்களா? இப்ப அந்த மாஸ்டருக்கும் போடுங்க.

– அவரு திட்டுவாருங்க.

– திட்டட்டுங்க. நேரம் தெரிஞ்சா எறக்க நாலு ஆளையாவது தயாரா வைப்பாருல்லீங்க?

– மாஸ்டர், மன்னிச்சுக்குங்க, லாரி இன்னும் கெளம்பலீங்க. ஒரு மணிக்குக் கெளம்பி நாலுக்கு உங்க வாசல்ல நிக்கும். எறக்க ஆளு... ஆமாங்க, ஆமாங்க, தப்புதானுங்க. வச்சர்றேனுங்க. நல்லாவே திட்டிப்போட்டாரு. ஆனா எறக்க நாலு ஆள வைக்கறேன்னுட்டாரு.

– மொதலாளி, மணி ஒண்ணு, எல்லாத்தையும் மாத்தி ஏத்தியாச்சுங்க! கதவத் தொறந்தா கிரைண்டரு மூஞ்சிதான் தெரியுது. இதா, வண்டி கெளம்பிருச்சு!

– நல்லபடியாப் போயிட்டு வாடா! அம்மணி, இனி பேச்சே இல்லீங்க. இந்த வேலை உங்களுக்குத்தான். நாளைக்குக் காலைல இருந்தே வந்துருங்க!

– நாளைக்கு நீங்கதானுங்க கோபிக்கு வரோணும். என் ஓட்டல் திறப்பு விழா, இட்லி ஆறு மணிக்கே தயாரா இருக்குமுங்க.